கால் அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை. தறி நிற்கிறது.
நின்ற தறியின் சத்தம் காதுக்குள் இன்னும் ஓடுகிறது.
சாமளாபுரத்து வீட்டில் கோன் பெட்டிமேல் கம்ப்யூட்டர்.
பழனிப் பாதயாத்திரை வீடியோவை வெட்டி ஒட்ட
கவுசிகன் ஏற்றி வைத்துப்போன மென்பொருள்
எக்ஸ்போர்ட் என்ற இடத்தில்
சின்னதாக ஒரு பூட்டுப் படம் காட்டுகிறது.

எழுநூற்று இருபதுக்கு மேல் போனால் காசு.
நொடிக்கு முப்பது படத்துக்கு மேல் போனாலும் காசு.
வருசச் சந்தாவைக் கூலி மீட்டராக்கிப் பார்த்தேன்:
எண்ணூறு மீட்டர்.
நாலு தறிக்கும் அஞ்சு நாள்,
கரண்டு போகாமல் இருந்தால்.

மங்கலம் தாண்டித் திருப்பூருக்குள் போனால்
எக்ஸ்போர்ட் என்பது கப்பலேறும் பனியன்.
கழுத்துத் தையல் ஒரு நூல் தள்ளினால் போதும்,
காதர்பேட்டையில் கூறுகட்டிக் கிடக்கும்.
இங்கே கப்பல் வரைக்கும் போகவேயில்லை.

விஷயம் இதுதான்:
போன வாரத் துணியை நாற்பத்தெட்டு பிக் என்று எழுதி
சென்னியப்பண்ணன் கூலியில் பிடித்துவிட்டார்.
நான் ஓட்டியது ஐம்பத்திரண்டு.
பல்சக்கரம் மாற்றியவள் நான்தானே.
லென்சைத் துணிமேல் வைத்து,
பாவு நம்பரும் என் விரலும் தெரிய,
தறி ஓடுவதையும் சேர்த்துச் செல்போனில் பிடித்தேன்.
நல்ல போன். நொடிக்கு அறுபது படம்.
மிதக்கிற பஞ்சுத்தூசிகூடத் தெரிந்தது.

அகலம் ஆயிரத்து இருநூற்று எண்பது, உயரம் எழுநூற்று இருபது.
என் கண்ணுக்கு அது ரீடும் பிக்குமாகத்தான் படிகிறது.
சும்மா கிடைக்கிற நெசவு கொசுவலைக்குத்தான் ஆகும்.
ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.
அங்குலத்துக்குள் நூலே இல்லை,
சாம்பல் அலை ஒன்று நெளிகிறது.
தறியிலும் பாதிப் படம் போய்விட்டது.
எட்டுப் படத்தில் பாவைக் கடந்த நாடா
நாலில் கடக்கிறது, தாண்டித் தாண்டி,
நடுவில் ஊடை விட்டதற்குச் சாட்சியில்லாமல்.
சென்னியப்பண்ணனுக்கு வக்கீலே வேண்டாம்.

ராத்திரி பத்தரை.
"விடு புள்ள, நேர்ல போய்ப் பேசிக்கலாம்"
என்று சின்னமுத்து படுத்துவிட்டார்.
போன தடவையும் நேரில் பேசினதுதான்.

பெரிதாக்கினேன்.
முழு அங்குலம் கலங்குகிறது.
அரை, கொஞ்சம் தேவலை.
கால் அங்குலத்தைச் சட்டம் முழுக்க நிரப்பினால்
ஒவ்வொரு நூலும் முறுக்கோடு நிற்கிறது
ஆட்டுப்பட்டித் தடுக்கு மாதிரி.
பூட்டு பூட்டாகவே இருக்கட்டும்.
ஒரு அங்குலத்தை நாலாக அறுத்து அனுப்பலாம்.

முதல் கால், பதிமூன்று.
அடுத்ததும் பதிமூன்று.
மூன்றாவது
பன்னிரண்டு.

ஈர்க்குச்சியைத் திரையில் வைத்து மறுபடி எண்ணினேன்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
ஒரு நூல் இருக்கவேண்டிய சந்து.
கரண்டு போய் வந்த நேரமோ,
ஊடை அறுந்து எடுத்துவிட்ட நேரமோ.
நாலாவது, பதிமூன்று.

லென்சில் எண்ணும்போது இது எப்படித் தப்பியது?
ஐம்பத்திரண்டு என்று நினைத்துக்கொண்டு எண்ணினால்
ஐம்பத்திரண்டுதான் வரும்.
அவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார், நாற்பத்தெட்டை.

முதல் காலையே இரண்டு தடவை அனுப்பினால்
யார் பார்க்கப்போகிறார்கள்.
மவுஸ்மேல் கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

நாலும் போய்ச் சேர்ந்தன.
ஒவ்வொன்றின் குறுக்கேயும் மென்பொருள்காரன் பேர்,
துணி ஓரத்தில் மில் முத்திரை போல.
கீழே எழுதினேன்:

ஏனுங்ணா, நாலையும் கூட்டுங்க.
அம்பத்தொன்னுங்க.
நாப்பத்தெட்டு இல்லீங்க.
ஒன்னுக்கு மட்டும் புடிச்சுக்குங்க.